ஹிமாலயன் 411: முதலில் கோன்செட், பெட்டியெல்லாம் அப்புறம்

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 சந்தைக்கு வந்தது 2016 மார்ச்சில். 2023 நவம்பரில் 450 வந்தபின் அதன் தயாரிப்பு முடிவுக்கு வந்தது. ஆனாலும் பழைய வண்டிச் சந்தையில் இன்றும் நிறையக் கிடைக்கிறது. தார்ச்சாலையிலும் மண்சாலையிலும் ஒரே வண்டியில் போக நினைப்பவர்களுக்குக் கட்டுப்படியாகும் நல்ல தேர்வுகளில் அதுவும் ஒன்று. வாங்கிய மறுநாளே எழும் கேள்வி, "என்னென்ன மாட்டலாம்?" கிராஷ் கார்டு, இரும்புப் பெட்டி, கூடுதல் லைட், சத்தமான சைலன்சர் என்று பட்டியல் உடனே வந்துவிடும். இவை நான்கும் கண்ணுக்குத் தெரிபவை. இந்த வண்டியை ஸ்பிட்டியின் காசா முதல் லடாக்கின் டிஸ்கிட் வரையான மலைப்பாதைகளில் நடுவழியில் நிறுத்துகிறவையோ கண்ணுக்குத் தெரியாதவை: கோன்செட் (ஸ்டியரிங் தண்டின் பேரிங்), போக்ஸ் கம்பி (சக்கரத்தின் ஸ்போக்), டியூப், பின் ஷாக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் லிங்கேஜின் பேரிங், பின் ஸ்பிரிங். பணம் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

வண்டியின் இயல்பைத் தெரிந்துகொண்டால் இந்த வரிசை ஏன் என்பது புரியும். 78 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 86 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட நீள் ஸ்ட்ரோக் இன்ஜின். 6500 ஆர்பிஎம்மில் சுமார் 24 குதிரைத்திறன், 4000–4500 ஆர்பிஎம்மில் 32 நியூட்டன் மீட்டர் இழுவை. கீழ் ஆர்பிஎம்மில் பொறுமையாக இழுப்பது இதன் பலம். முன்பக்கம் 41 மி.மீ. ஃபோர்க்கில் 200 மி.மீ. ஓட்டம் (சக்கரம் ஏறி இறங்கும் தூரம்), பின்பக்கம் லிங்கேஜுடன் கூடிய மோனோஷாக்கில் 180 மி.மீ. ஓட்டம். பிஎஸ்6 வண்டி பெட்ரோலோடு 199 கிலோ. 24 குதிரைத்திறனுக்கு இது ஏற்கெனவே அதிகம். கூட்டும் ஒவ்வொரு கிலோவும் இன்ஜின், ஸ்பிரிங், பிரேக் மூன்றிடமும் பங்கு கேட்கும். அதனால் புதிதாக ஒன்றை மாட்டும் முன் தராசில் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

கோன்செட்

பல வண்டிகளில் முதலில் தேய்வது இதுதான். ஸ்டியரிங் தண்டில் வருவது குண்டு பேரிங். குண்டு பாதையைத் தொடுவது புள்ளியளவு இடத்தில்தான். குழியில் இறங்கும்போது முன்சக்கரம் பெரும்பாலும் நேராகவே இருப்பதால் எல்லா அடியும் அதே புள்ளிகளில் விழுகிறது. நாளடைவில் பாதையில் குண்டளவுக்குப் பள்ளம் விழும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ‘டக்’ என்று வந்து உட்கார்ந்தால் கோன்செட் போய்விட்டது. அந்த நிலையில் டைட் செய்வது மருந்தாகாது, பள்ளம் இன்னும் ஆழமாகும்.

மாற்று, டேப்பர் ரோலர் பேரிங். உருளை தன் முழு நீளத்துக்கும் பாதையைத் தொடுவதால் அதே அடி பரந்த இடத்தில் பிரிந்து போகிறது. வாங்கும்போது மாடலைச் சொல்லி வாங்கினால் மட்டும் போதாது. உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் மூன்றையும் வெர்னியரில் பழையதோடு ஒப்பிடுங்கள். கீழ் பேரிங்குக்கு ரப்பர் தூசு சீல் செட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சீல் இல்லாமல் மாட்டினால் ஆற்றைக் கடக்கும்போது முதலில் துருப்பிடிப்பது அதுவாகத்தான் இருக்கும்.

வேலை இப்படிப் போகும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி இன்ஜினுக்குக் கீழே ஜாக்கி கொடுங்கள். முன்சக்கரம், மட்கார்டு, ஃபோர்க் கால்கள் கழலும். காலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்க விடாமல் கயிற்றில் கட்டி விடுங்கள். மேல்தட்டைக் கழற்றி, நட்டை எடுத்துத் தண்டைக் கீழிறக்கினால் பழைய குண்டுகள் வெளியே வரும். ஃபிரேமில் இருக்கும் கிண்ணங்களை எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டுத்தண்டு வைத்து, இடம் மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். ஒரே பக்கம் தட்டினால் கிண்ணம் சாய்ந்து கழுத்துக் குழாயைக் கீறிவிடும். புதிய கிண்ணங்களை இரண்டு மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்துவிட்டு மாட்டினால் இறங்குவது எளிது. பழைய கிண்ணத்தில் கிரைண்டரால் ஒரு வெட்டு போட்டுக்கொண்டால் அதையே தட்டும் கருவியாக வைத்துக்கொள்ளலாம். வெட்டு இருப்பதால் அது உள்ளே சிக்காது. உருளைகளின் இடுக்குகளில் தண்ணீர் தாங்கும் க்ரீஸை உள்ளங்கையில் வைத்து அழுத்தி நிரப்புங்கள். மேலே தடவினால் போதாது.

டைட் வைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முதலில் நட்டை நன்றாக இறுக்கி, ஹேண்டிலை இரு ஓரத்துக்கும் ஐந்தாறு முறை திருப்பி, உருளைகளை உட்கார வையுங்கள். பிறகு முழுவதும் தளர்த்தி, ஆட்டம் மறையும் இடம் வரை மட்டும் இறுக்குங்கள். மேல்தட்டின் நடுநட்டை முறுக்கும்போது இந்த அளவு மாறும் என்பதால் கடைசிச் சோதனை எல்லாவற்றையும் மாட்டிய பிறகுதான். சக்கரம் காற்றில் இருக்க, நடுவிலிருந்து விரலால் லேசாகத் தள்ளினால் ஹேண்டில் நிதானமாக ஓரத்துக்குச் சாய வேண்டும். பாதியில் நின்றால் டைட் அதிகம். மெதுவாகப் போகும்போது வண்டி நேராக நிற்காமல் இடமும் வலமும் அலையும். ஃபோர்க் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ‘டொக்’ என்றால் லூஸ். 500 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை பார்த்தே ஆக வேண்டும். கிண்ணங்கள் முழுமையாக உட்கார அவ்வளவு ஓட்டம் பிடிக்கும்.

கோன்செட்டுக்கு இறங்கிய கையோடு பின்பக்க லிங்கேஜையும் திறந்துவிடுவது நல்லது. அங்கே இருப்பவை ஊசி பேரிங்குகள். சேற்றுநீர் நேராக அடிக்கும் இடம். துருப்பிடித்த லிங்கேஜோடு எவ்வளவு விலையுயர்ந்த ஷாக் மாட்டினாலும் பயனில்லை. கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, க்ரீஸ் நிரப்பி மாட்ட ஓர் அரைநாள் ஆகும். ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

ஸ்பிரிங்: வாங்கும் முன் அளக்க வேண்டியது

சஸ்பென்ஷனுக்குச் செலவழிக்கும் முன் ஓர் அளவுநாடாவும் துணைக்கு ஒருவரும் வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து நேர் மேலே கேரியரில் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். இது முதல் அளவு. வண்டியை இரு சக்கரத்திலும் நிறுத்தி, ஆள் ஏறாமல் எடுப்பது இரண்டாவது. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸோடு ஏறி உட்கார்ந்து எடுப்பது மூன்றாவது. முதலாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் 180 மி.மீ. ஓட்டத்துக்கு 55–60 மி.மீ. வர வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 15–25 மி.மீ.

ஆளோடு எடுத்த அளவு அதிகமென்றால் ஷாக்கின் வளையத்தைக் கொக்கி ஸ்பானரால் திருகி ப்ரீலோடு (ஸ்பிரிங்கின் முன்னழுத்தம்) கூட்டுங்கள். கூட்டியதில் ஆள் அளவு சரியாகி, ஆளில்லாத அளவு ஐந்து மி.மீ.க்கும் கீழே போய்விட்டால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிது. இன்னும் திருகுவதால் வண்டி உயருமே தவிர ஸ்பிரிங் வலுவாகாது. மேட்டில் ஏறி இறங்கும்போது பின்சக்கரம் கீழே வர இடமில்லாமல் உதைக்கும். அப்போதுதான் கனமான ஸ்பிரிங் வாங்கும் நேரம். சாமான் ஏற்றிப் போகிறவர்கள் இந்த அளவைச் சாமானோடும் எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். தனியாகப் போகும்போது எத்தனை பல் குறைக்க வேண்டும், ஏற்றும்போது எத்தனை பல் கூட்ட வேண்டும் என்பதைச் சீட்டின் அடியில் எழுதி ஒட்டி வைத்தால் வழியில் யோசிக்க வேண்டியதில்லை.

முன்பக்கம் திருகுவதற்கு ஒன்றுமில்லை. 200 மி.மீ. ஓட்டத்துக்கு ஆளோடு 55–65 மி.மீ. இறங்கலாம். ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டையைக் கட்டிவிட்டு வழக்கமான பாதையில் ஒரு சுற்று போய்வாருங்கள். டை எங்கே நிற்கிறதோ அதுவரை ஃபோர்க் இறங்கியிருக்கிறது. பிரேக் பிடித்தாலே மூக்கு குத்துகிறது, அதே சமயம் கூர்மையான கல்லில் மணிக்கட்டு வலிக்கிறது என்பது பலர் சொல்லும் குறை. இரண்டும் முரணாகத் தெரியும். காரணம் ஃபோர்க்குக்குள் இருக்கும் எளிய டேம்பர் தண்டு. எண்ணெய் சில ஓட்டைகள் வழியாகப் போவதால் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. மெதுவான இறக்கத்துக்குத் தடை போதவில்லை, வேகமான அடிக்குத் தடை மிஞ்சுகிறது. ஆகவே ‘கெட்டியான எண்ணெய் ஊற்று’ என்ற யோசனை பாதிதான் சரி. மூக்கு குத்துவது குறையும், கல்லடி இன்னும் கூடும். முதலில் எடைக்கேற்ற ஸ்பிரிங், எண்ணெய் நிறுவனம் சொன்ன தடிமனிலேயே. எண்ணெய் மட்டத்தை ஸ்பிரிங் இல்லாமல், குழாயை முழுக்க அழுத்திய நிலையில் மேலிருந்து மி.மீ. கணக்கில் அளக்க வேண்டும். இரண்டு காலிலும் மட்டம் ஒன்றாக இருப்பது ஊற்றும் அளவைவிட முக்கியம். மட்டத்தை 10 மி.மீ. உயர்த்தினால் உள்ளே காற்றுக்கான இடம் குறைந்து, கடைசி ஓட்டத்தில் மட்டும் ஃபோர்க் கெட்டியாகும். அடியில் இடிக்கும் வண்டிக்கு மிகக் குறைந்த செலவில் முடியும் வைத்தியம் இது.

சக்கரமும் டியூபும்

முன்பக்கம் 90/90-21, பின்பக்கம் 120/90-17. பின்பக்க அளவில் டயர் வகைகள் குறைவு என்பதால் பலர் 130/80-17 மாட்டுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வெளிவிட்டம் 648 மி.மீ.யிலிருந்து 640 ஆகிறது, சுமார் 1.2 சதவீதக் குறைவு. அது பொருட்டல்ல. அகலம் கூடுவதால் செயினுக்கும் டயருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கட்டை டயரில் பக்கக் கட்டைகள் வெளியே நீட்டியிருக்கும். சக்கரத்தைக் கையால் முழுச்சுற்று சுற்றிப் பாருங்கள்.

மண்சாலையில் காற்றைக் குறைப்பது பிடிமானத்துக்கு நல்லது. ஆனால் டியூப் டயரில் அதற்கு ஓர் அடிமட்டம் உண்டு. முன்னால் 22, பின்னால் 24 பிஎஸ்ஐ வரை இறங்கலாம், சாமான் இருந்தால் இன்னும் இரண்டு கூட்டி. அதற்கும் கீழே போனால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் கடிபட்டு அடுத்தடுத்து இரண்டு கீறல் விழும். இன்னொரு ஆபத்து, பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மில் நழுவி டியூபையும் இழுத்துக்கொண்டு போய் வால்வு அடியில் கிழிவது. வால்வின் நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காமல் மூடியோடு சேர்த்து மேலே வைத்துவிடுங்கள். டயர் நழுவினால் வால்வு சாய்ந்து நிற்கும், கிழிவதற்கு முன்பே தெரிந்துவிடும். இறுக்கிய வால்வு சாயாது, நேராகக் கிழியும். பஞ்சர் கடையில் மாட்டிவிட்டு வரும்போது இந்த நட்டு பெரும்பாலும் ரிம்மில்தான் இறுகியிருக்கும். கவனித்துத் தளர்த்துங்கள்.

மலை ஏறும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். காற்றுமானி காட்டுவது வெளிக்காற்றுக்கும் டயருக்கும் உள்ள வித்தியாசத்தை. மணாலியில் 25 வைத்த டயர் 5000 மீட்டரில், அதே வெப்பநிலையில், 28க்கு மேல் காட்டும். குளிரில் கொஞ்சம் குறையும்.

ஸ்போக் ரிம்மை டியூப்லெஸ்ஸாக மாற்றித் தருகிறோம் என்று பல கடைகளில் சொல்கிறார்கள். நிப்பிள் தலைகளை சீலன்ட்டால் மூடி, மேலே டேப் ஒட்டும் முறை. காற்று நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் டியூப்லெஸ் ரிம்மின் வேலை காற்றை அடைப்பது மட்டுமல்ல. அதன் உள்விளிம்பில் சிறு மேடு ஒன்று இருக்கும். காற்று இறங்கினாலும் டயரின் விளிம்பு நடுப்பள்ளத்துக்குள் விழாமல் அந்த மேடு பிடித்துக்கொள்ளும். அது உள்ள ரிம்மில் ‘எம்டி’ (MT) என்ற குறி பொறித்திருக்கும். மேடு இல்லாத ரிம்மில் டேப் ஒட்டி ஓட்டும்போது 80 கி.மீ. வேகத்தில் முன்டயர் காற்றிறங்கினால் டயர் ரிம்மைவிட்டு நழுவும். ஆகவே முன்சக்கரத்தில் இதைச் செய்யாதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. பின்னர் 450க்கு நிறுவனமே டியூப்லெஸ் ஸ்போக் சக்கரம் கொடுத்தது. அது அதற்கென்றே வடிவமைத்த ரிம்.

411க்கு நல்ல வழி தடித்த டியூபும் பஞ்சர் போடும் பழக்கமும்தான். மாற்று டியூப் ஒன்றுதான் எடுத்துச் செல்ல முடியும் என்றால் 21 அங்குலத்தை எடுங்கள். அவசரத்துக்கு அதைப் பின்சக்கரத்தில் மடித்து வைத்து மெதுவாக அடுத்த ஊருக்குப் போய்விடலாம், 17 அங்குல டியூபை முன்னால் மாட்ட முடியாது. மூன்று டயர் லீவர், சிறு கம்ப்ரஸர், டால்கம் பவுடர் போதும். எடுத்துச்செல்லும் ஸ்பானரால் இரண்டு அச்சு நட்டையும் ஒருமுறை வீட்டிலேயே கழற்றி மாட்டிவிடுங்கள். கடையில் கம்ப்ரஸர் கன்னால் இறுக்கிய நட்டு, கைப்பிடி ஸ்பானருக்கு அசையாது.

போக்ஸ் கம்பிகளை வாரம் ஒருமுறை ஸ்பானரால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். டைட்டானது ‘டிங்’ என்னும், தளர்ந்தது ‘டொப்’ என்னும். தளர்ந்ததைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் முறுக்காதீர்கள், ரிம் அந்தப் பக்கம் இழுபடும். பக்கவாட்டில் இரண்டு மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தால் கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒரு கம்பி உடைந்தால் பக்கத்துக் கம்பிகள் அதன் சுமையை ஏற்று ஒன்றன்பின் ஒன்றாக உடையும், தள்ளிப்போட முடியாத வேலை இது.

பல் ஒன்று குறைத்தால்

செயின் ஓடும் ஸ்ப்ராக்கெட்டில் (பற்சக்கரம்) முன்னால் 15 பல், பின்னால் 38. முன்பல்லை 14 ஆக்கினால் விகிதம் 2.53லிருந்து 2.71 ஆகும், சுமார் ஏழு சதவீதம். இந்த வண்டிக்குச் செய்யும் மாற்றங்களிலேயே மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் உணரப்படுவது இதுதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் ஆளை வைத்து ஏறும்போது முதல் கியரில் ஹாஃப் கிளட்ச் பிடிக்கும் தேவை குறையும். மலை உயர உயர இதன் மதிப்பு கூடும். 5000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 60 சதவீதம்தான். 24 குதிரைகளில் 14, 15தான் அங்கே வேலைக்கு வரும். அந்த உயரத்தில் கூழாங்கல் ஏற்றத்தில் கிளட்ச் கருகுவதைத் தடுப்பது இந்த ஒரு பல்தான்.

விலை, நெடுஞ்சாலையில். முன்பு 5000 ஆர்பிஎம்மில் போன அதே வேகத்துக்கு இப்போது 5350 வேண்டும். அதிர்வு கூடும், பெட்ரோலும் கொஞ்சம் கூடும். நான்குவழிச் சாலையிலேயே அதிகம் ஓடுகிறவர்கள் 15ஐயே வைத்துக்கொண்டு, மலைப்பயணத்துக்கு மட்டும் 14ஐ மாட்டிக்கொள்ளலாம். செயின் ஏற்கெனவே நீண்டிருந்தால் புதுப்பல்லை மட்டும் மாட்டாதீர்கள், சில ஆயிரம் கி.மீ.யில் புதுப்பல்லும் பழைய செயினின் தேய்மானத்துக்கு வந்துவிடும்.

நீண்ட சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் செயின் டைட் பார்ப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முன்பல்லின் நடு, ஸ்விங்ஆர்ம் அச்சு, பின்சக்கர அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிகவும் இறுகும். சாமான் கட்டும் ராட்செட் பெல்ட்டால் பின்பக்கத்தை அந்த நிலைக்கு இழுத்துக் கட்டுங்கள். அங்கே 10 மி.மீ. தொய்வு இருக்கும்படி அட்ஜஸ்ட் செய்துவிட்டு, பெல்ட்டை அவிழ்த்து, சைடு ஸ்டாண்டில் நிறுத்தித் தொய்வை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் இனி உங்கள் வண்டியின் அளவு. பார்க்க லூஸாகத் தோன்றும். அழகுக்காக டைட் வைத்தால் ஒவ்வொரு குழியிலும் செயின் கியர்பாக்ஸின் வெளித்தண்டை இழுக்கும், கசிவு அங்கே சீலில்தான் தொடங்கும்.

பிரேக், லைட், காற்று, சத்தம்

முன்பிரேக் 300 மி.மீ. டிஸ்க், இரட்டைப் பிஸ்டன் காலிப்பர். பிடிப்பு போதவில்லை என்றால் முதலில் காலிப்பரின் நழுவு ஊசிகளைக் கழற்றித் துடைத்து சிலிக்கான் க்ரீஸ் தடவி, டாட் 4 எண்ணெயைப் புதிதாக மாற்றுங்கள். பாதிக் குறை அங்கேயே தீரும். பிறகு சின்டர்டு பேடு (உலோகத்தூளை இறுக்கிச் செய்த பிரேக் பேடு). கடைசியாகத்தான் எஃகுப் பின்னல் ஹோஸ். ஏபிஎஸ் வண்டியில் முன்பிரேக்குக்கே இரண்டு ஹோஸ்: மேலே லீவர் பக்கத்திலிருந்து ஏபிஎஸ் பெட்டி வரை ஒன்று, அங்கிருந்து காலிப்பர் வரை ஒன்று. ஒன்றை மட்டும் மாற்றினால் பாதிப் பலன்தான். ஒவ்வொரு இணைப்பிலும் புதிய செம்பு வாஷர் இரண்டு போட வேண்டும்.

லைட்டில் கவனம் தேவை. ஹெட்லைட் எச்4, 60/55 வாட். அதில் 100 வாட் பல்பு மாட்டினால் ஏழு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கனெக்டரும் சுவிட்சும் உருகும். கூடுதலாக 20 வாட் எல்இடி இரண்டு மாட்டினால் மொத்தம் மூன்று ஆம்பியர். ஒரு சதுர மி.மீ. செம்பு ஒயர், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் ஃபியூஸ், ஒரு ரிலே. ரிலேயைத் தூண்டும் ஒயரை மட்டும் பார்க்கிங் லைட்டிலிருந்து எடுங்கள், கரண்டை அங்கிருந்து எடுக்காதீர்கள். எர்த் ஃபிரேமில் வேண்டாம், நேராகப் பேட்டரியின் எதிர்முனைக்கு. எல்லாவற்றையும் போட்டுவிட்டு 2500 ஆர்பிஎம்மில் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். 13.8 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நலம். 13.2க்குக் கீழ் என்றால் சார்ஜ் ஆவதைவிடச் செலவாவது அதிகம், எதையாவது கழற்ற வேண்டும்.

சைலன்சர் மாற்றுவதில் உண்மையான லாபம் சில கிலோ எடை. இழுவையில் ஓட்டும்போது உணரும்படி எதுவும் கிடைக்காது. கேட்டலிடிக் கன்வர்ட்டர் இல்லாத பைப் மாட்டினால் புகைச் சோதனையிலும் சிக்கல், சட்டத்திலும் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பதிவுச் சான்றிதழின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் திருத்திய 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், சிறையும் விதிக்கலாம். அந்தப் பணத்துக்கு நல்ல ஏர் ஃபில்டர் வாங்குங்கள். ஃபில்டரின் ரப்பர் விளிம்பில் மெல்லியதாக க்ரீஸ் தடவி மாட்டினால் ஓரத்தில் தூசி நுழையாது. பயணம் முடிந்து திறக்கும்போது க்ரீஸுக்கு உட்புறம் மண் தெரிந்தால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை.

அடித்தட்டும் ஹேண்ட்கார்டும்

அடித்தட்டு வேண்டும். கூழாங்கல் ஆற்றில் எண்ணெய் வடிகால் போல்ட்டைக் காப்பது அதுதான். 4 மி.மீ. அலுமினியத்தில் செய்தால் 2 மி.மீ. இரும்பைவிட எடை சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும், வளைவதற்கு எதிரான விறைப்பும் கூடுதல். போல்ட்டுகள் ஃபிரேமில் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். இன்ஜின் உறையில் பிடிக்கும் தட்டு, கல்லின் அடியை நேராக உறைக்கே கொடுக்கும். வடிகாலுக்கு நேரே ஓட்டை இருந்தால் எண்ணெய் மாற்ற ஒவ்வொரு முறையும் தட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

ஹேண்ட்கார்டில் உள்ளே அலுமினியப் பட்டை ஓடுவதையே வாங்குங்கள். வெறும் பிளாஸ்டிக் காற்றைத் தடுக்கும், லீவரைக் காக்காது. மாட்டியபின் லீவரை முழுக்க இழுத்தும் விட்டும் பாருங்கள், பட்டையில் உரசக் கூடாது. ஹேண்டிலை உயர்த்தும் ரைசர் போட்டால் இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு இரு ஓரத்துக்கும் திருப்புங்கள். ஆர்பிஎம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. 25 மி.மீ.க்கு மேல் உயர்த்த நினைத்தால் ஹோஸ் நீளத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அதற்கு முன் செலவில்லாத இரண்டு வேலைகள்: நின்று ஓட்டும்போது மணிக்கட்டு நேராக இருக்கும்படி லீவர்களைக் கீழ்நோக்கித் திருப்புவது, கியர் லீவரைத் தண்டில் ஒரு பல் இடம் மாற்றிப் பூட்ஸுக்கு ஏற்ப வைப்பது.

பெட்டி

கடைசியாகத்தான் இது வருகிறது. இரும்புப் பெட்டி இரண்டும் அவற்றைத் தாங்கும் சட்டமும் சேர்ந்து, ஒன்றும் வைக்காமலே 15 கிலோவைத் தொடும். துணிப்பை மூன்று நான்கு கிலோதான், விழுந்தால் கணுக்காலையும் நசுக்காது. எந்தப் பையாக இருந்தாலும் கனமானது கீழே, முன்னால். வீல்பேஸ் (இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரம்) 1465 மி.மீ. பின்னச்சுக்கு 30 செ.மீ. பின்னால் டாப்பாக்ஸில் 10 கிலோ வைத்தால் பின்சக்கரத்தில் 12 கிலோ ஏறும், முன்சக்கரத்திலிருந்து இரண்டு கிலோ குறையும். மணலில் முன்சக்கரம் மிதப்பதாகத் தோன்றுவது இதனால்தான். குழியில் இந்த எடை பல மடங்காகி, கேரியர் பிடித்திருக்கும் வெல்டிங்கில் விரிசல் விடும்.

பெட்ரோல் கேன் வேண்டுமா என்பது கணக்குத்தான். மணாலி–லே வழியில் ‘தாண்டி’ (Tandi) என்னும் ஊரின் பெட்ரோல் பங்க்கில் ‘அடுத்தது 365 கி.மீ.’ என்று எழுதிய பலகை பெயர்பெற்றது. 15 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 28 கி.மீ. கொடுத்தால் 420 கி.மீ. தாண்டியில் நிரப்பினால் போய்ச் சேரலாம், வழிமாறிச் சுற்றுவதற்கு 5 லிட்டர் கேன் ஒன்று போதும். பெட்ரோலோடு அது நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இருபுறமும் பத்து பத்து லிட்டர் கட்டிக்கொண்டு போவது பதினைந்து கிலோவை வீணாகச் சுமப்பது.

எல்லாம் மாட்டி முடிந்ததும் ஒவ்வொரு போல்ட்டிலும் நடுத்தர வலிமையுள்ள நீலநிறத் த்ரெட்லாக் ஒரு சொட்டு விட்டு இறுக்கி, போல்ட் தலையையும் அது உட்கார்ந்திருக்கும் உலோகத்தையும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். சாமானை முழுதாக ஏற்றி, ஊருக்குப் பக்கத்திலேயே மோசமான சாலையாகப் பார்த்து 200 கி.மீ. ஓட்டுங்கள். திரும்பியதும் கோடுகளைப் பாருங்கள். பெரும்பாலும் விலகியிருப்பது கேரியர், பெட்டிச் சட்டம், நம்பர் பிளேட், சைடு ஸ்டாண்டு போல்ட்டுகள். விலகியதை மறுபடி இறுக்கிக் கோடு போட்டு, அதே சாலையில் இன்னொரு முறை போய்வாருங்கள். இரண்டாவது தடவையும் விலகும் போல்ட்டில் கோளாறு இறுக்கத்தில் இல்லை. ஓட்டை பெரிதாகியிருக்கும், அல்லது சட்டம் நேராக உட்காராமல் இழுத்துப் பிடித்து மாட்டியிருக்கும். அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போக வேண்டும்.